பூமிக்கு அடியில் எழும் புளூம்: மலைநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்தில் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மான்டில் புளூம் பாடத்துக்கு வந்தால் வழக்கமாக வாய் திறக்காத பிள்ளையும் கை தூக்கும். 2020இல் திகன பக்கம் நிலம் அதிர்ந்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலைகள் சரிந்தபோதும் அதே சந்தேகங்களைப் பிள்ளைகளின் அம்மா அப்பாவும், பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் கேட்டார்கள். கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் பின்னால் வருவது இலகுவாக விளங்கும்.

சேர், புளூம் புளூம்னு சொல்றீங்களே, அது என்னதான்?

சுற்றியிருப்பதைவிடச் சூடாகி, அதனால் இலேசாகி, தூண்போல மேலே எழும் எதுவும் புளூம்தான். அடுப்புப் புகை, பெக்டரிப் புகை, எரிமலைச் சாம்பல் எல்லாம் அந்த இனம். பூமிக்குள் நடப்பதை மான்டில் புளூம் என்கிறோம். நாம் நிற்பது ‘புவியோடு’ என்ற வெளி ஓட்டின் மேல். அதற்குக் கீழே ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழம்வரை மான்டில் என்ற பாறைப் படை. அதற்கும் உள்ளே பெரும்பாலும் இரும்பாலான அகணி. அகணியின் சூடு மான்டிலின் அடித்தளத்தைக் காய்ச்ச, அங்கே சூடேறிய பாறை மேலே கிளம்புகிறது.

லயக் காம்பராவில் ஈர விறகை மூட்டிவிட்டுச் சற்று நின்று பாருங்கள். புகை ஒல்லியாக எழும். கூரைத் தகரத்தில் முட்டும். முட்டியதும் குடைபோல விரியும். பிறகு தகரத்தின் அடிப்பக்கமாகவே ஊர்ந்துபோய், பழைய ஆணி ஓட்டையையும் இரண்டு தகரம் சேரும் இடுக்கையும் தேடி வெளியே போகும். மான்டில் புளூம் செய்வதும் இதேதான். அதன் தலை புவித்தட்டின் (நாம் நிற்கும், மெல்ல நகரும் பெரும் பாறைப் பலகையின்) அடியில் முட்டி ஆயிரம் கிலோமீற்றர் அகலத்துக்கும் விரியும். தட்டு எங்கே மெலிந்திருக்கிறதோ, எங்கே ஏற்கெனவே வெடித்திருக்கிறதோ, அந்தப் பக்கமாக ஒதுங்கும். தலைக்குப் பின்னால் வால் ஒன்று நெடுங்காலம் சூட்டைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும்.

பூமிக்குள்ள முழுக்க நெருப்புக் குழம்புதானே?

இல்லை. நான் அதிகம் திருத்திய பிழை இதுதான். படங்களில் மான்டிலைச் சிவப்பாகவும் மஞ்சளாகவும் தீட்டிவிடுவதால் எல்லோரும் அதைக் குழம்பு என்றே நினைக்கிறோம். மான்டில் கெட்டியான பாறை. அகணியின் வெளிப்பகுதி மட்டும்தான் முழுக்க உருகிய திரவம், அதுவும் உருகிய இரும்பு. எரிமலையில் வரும் மக்மா, மேற்பரப்புக்கு அண்மையில் சில இடங்களில் மட்டும், பாறையில் ஒரு சிறு பங்கு உருகுவதால் உண்டாவது.

கல்லு கட்டியா இருந்தா அது எப்படி சேர் மேல ஏறும்?

ரோட்டுப் போடத் தார் பீப்பாய் கொண்டுவந்து இறக்கியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். நுவரெலியாக் குளிரில் இறுகிப்போன தாரைச் சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோல உடையும். அதே பீப்பாயைச் சரித்துப் போட்டு மாதக்கணக்கில் விட்டால் தார் வாய்வழியே வழிந்து நிற்கும். அடித்தால் உடைவதும், விட்டால் வழிவதும் ஒரே பொருள்தான், நேரம்தான் வேறு. மான்டில் பாறையும் அப்படி. நிலநடுக்க அலை ஒரு நொடியில் கடக்கும்போது அது கல். மில்லியன் வருடக் கணக்கில் பார்த்தால் ஊர்ந்து நகரும். புளூமுக்குள் சூடு சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 100 முதல் 300 பாகை செல்சியஸ் கூட. அந்த வித்தியாசமே அதை வருடத்துக்குச் சில சென்றிமீற்றரிலிருந்து சில பத்து சென்றிமீற்றர்வரை உயர்த்தப் போதும்.

அப்படியென்றால் உருகுவது எங்கே? இதற்கு நுவரெலியா அக்காமாரிடம் கேட்க வேண்டும். அங்கே பருப்பு அவிய நேரமெடுக்கும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலை இறங்குவதுபோலப் பாறையின் உருகுநிலையும் இறங்கும். ஆழத்தில் நசுக்குண்டு கெட்டியாக இருந்த புளூம், ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஆழத்துக்கு வரும்போது அழுத்தம் விட்டுப்போய், புதிதாகச் சூடேற்றாமலே உருகத் தொடங்கும்.

அப்ப பெக்டரிப் புகையும் மான்டில் புளூமும் ஒரே கணக்கா?

எழுவதற்கான காரணம் ஒன்று. எழும் விதம் வேறு. பெக்டரிப் புகைபோக்கியைப் பாருங்கள். புகை சுருண்டு, புரண்டு, பக்கத்துக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே போகும். இழுக்க இழுக்கச் சூடு தணியும், தூண் அகலும். இந்தக் கணக்கை 1956இல் மோர்ட்டன், டெய்லர், டர்னர் என்ற மூவர் எழுதிவைத்தார்கள். மான்டில் பாறையோ மிகத் தடிப்பானது. அதில் சுருளும் புரளலும் இல்லை. தேன் ஒழுகுவதைத் தலைகீழாக வைத்துப் பார்ப்பது போன்ற அமைதியான எழுச்சி.

விடிகாலையில் தலவாக்கலைப் பள்ளத்தாக்கில் புகை மேலே போகாமல் கம்பளி விரித்ததுபோலப் படுத்துக் கிடக்கும். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்க, அதற்கு மேலே சூடான காற்று மூடிபோல நிற்பதே காரணம். புகை அந்த மூடியை எட்டியதும் தன்னைவிட இலேசான காற்றைச் சந்திக்கிறது. அங்கேயே பக்கவாட்டில் பரவுகிறது. மான்டிலிலும் ஏறத்தாழ 660 கிலோமீற்றர் ஆழத்தில் கனிமங்கள் மாறும் எல்லை ஒன்று உண்டு. சில புளூம்கள் அங்கே தயங்கி, வளைந்து, பிறகு மேலேறுகின்றன.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தகரத்தின் கீழ் தேங்கும் அந்தப் புகையை நாள்தோறும் சுவாசிப்பது நம் அம்மாமார். கொழுந்து எடுத்துக் களைத்து வந்து, அடுப்பை ஊதி ஊதி நெஞ்சைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கூரையில் ஒரு புகைபோக்கி வைத்துக்கொடுங்கள். புகை தானாகவே வழி தேடும்; நாம் வழி விட்டால் போதும்.

சிவனொளிபாதமலை கூம்பாட்டம் இருக்கே, அது பழைய எரிமலைதானே?

இல்லை. 2,243 மீற்றர் உயரமுள்ள அந்த மலை, மலைநாட்டின் மற்ற மலைகளைப்போலவே மிகப் பழைய உருமாற்றப் பாறை. எரிமலைக் கூம்பு உள்ளிருந்து கொட்டிக் குவிந்து உயர்வது. சிவனொளிபாதமலையின் வடிவம், சுற்றியிருந்த பாறை கோடிக்கணக்கான வருட மழையில் கரைந்து போக, தாக்குப்பிடித்தது எஞ்சியதால் வந்தது. படியேறும்போது பக்கத்துப் பாறையை உற்றுப் பாருங்கள்: வெள்ளையும் கறுப்புமாகக் கோடு கோடாக, சில இடத்தில் பிசைந்த மாவுபோல மடிந்திருக்கும். அது பூமிக்குள் ஆழத்தில் வெந்து நசுங்கிய அடையாளம். லாவா இறுகிய பாறையில் அந்த மடிப்பு இருக்காது.

சரி, கன்னியாவில வெந்நீர் வருதே?

திருகோணமலைக் கன்னியாவின் ஏழு கிணறுகளை இராவணன் தாயாரின் கிரியைக்காக உண்டாக்கினான் என்று பாட்டன்மார் சொல்லுவார்கள். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கும் ஆசைதான். நிலத்துக்குள் நடப்பது இது: மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழமாக இறங்குகிறது. பெரும்பாலான இடங்களில் ஒரு கிலோமீற்றர் கீழே போனால் சூடு ஏறத்தாழ 25 முதல் 30 பாகை கூடும். அங்கே காய்ந்த நீர் வேறு வெடிப்பு வழியாகச் சீக்கிரம் மேலே வந்தால் வெந்நீரூற்று. மகாஓயாவிலும் மகாபெலஸ்ஸவிலும் அதே கதை. மக்மா தேவையில்லை.

நம்ம செம்மண் எரிமலை மண்ணா? கென்யாவில அப்படியாமே?

கென்யாவின் கெரிச்சோ தேயிலை மலைகள் உண்மையாகவே எரிமலைப் பாறை மண்ணில் நிற்கின்றன. ஆபிரிக்காவின் கிழக்குப் பக்கம் நெடுகப் பிளந்துவரும் பெரும் பள்ளத்தாக்கும், அதற்கு அடியில் எழும் சூடான மான்டிலும் கொடுத்த மண் அது. நம்முடையது செம்மஞ்சள் பொட்சோல் என்ற மண்வகை. உருமாற்றப் பாறை மழையிலும் வெயிலிலும் உக்கி வந்தது. கவ்வாத்து முடிந்த மலையில் கான் (வடிகால்) வெட்டும்போது, செம்மண்ணுக்குக் கீழே கையால் நொறுக்கக்கூடிய மஞ்சள் பாறை வரும். கோடுகள் இன்னும் தெரியும், ஆனால் கல்லின் பலம் போயிருக்கும். மண்ணாக மாறிக்கொண்டிருக்கும் பாறை அதுதான்.

புளூம் ஒரே இடத்தில நின்னா தீவு எப்படி வரிசையா வருது?

புளூம் ஏறத்தாழ நிற்கும். மேலே இருக்கும் தட்டு நகரும். மெழுகுவர்த்திக்கு மேலே ஒரு கடதாசியை மெதுவாக இழுத்தால் கருகல் புள்ளி வரிசையாக விழுமே, அப்படி. ஹவாய்த் தீவுகளுக்கு இந்த விளக்கத்தை 1963இல் டூசோ வில்சன் கொடுத்தார். அதற்கு அடியில் மான்டிலின் ஆழத்திலிருந்து வரும் புளூம் இருக்கிறது என்று 1971இல் ஜேசன் மோர்கன் எழுதினார்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு வரிசை இருக்கிறது, ரீயூனியன் புளூமுடையது. 66 மில்லியன் வருடங்களுக்கு முன் இந்தியத் தட்டு அதன் மேலே இருந்தபோது, தக்காணத்தில் லாவா வெள்ளம்போலப் பரவியது. இன்று எஞ்சியிருப்பதே ஏறத்தாழ 500,000 சதுர கிலோமீற்றர். தட்டு வடக்கே போகப் போக இலட்சத்தீவு, மாலைதீவு, சாகோஸ், மொரிசியஸ் என்று வரிசை தெற்கே வந்து, இன்று ரீயூனியனில் எரிகிறது. மாலைதீவு ஹோட்டல்களுக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகள் வெள்ளை மணலை மட்டும்தான் பார்க்கிறார்கள். அந்தப் பவளத்துக்கு வெகு கீழே கிடப்பது கறுப்பு எரிமலைப் பாறை.

ரீயூனியன்ல நம்ம ஆளுங்க இருக்காங்கன்னு சொன்னாங்க, நெசமா?

நிஜம். நம் பாட்டன் பூட்டனைக் கோப்பிக்கும் தேயிலைக்கும் இங்கே நடத்திக் கூட்டிவந்த அதே 19ஆம் நூற்றாண்டில், அதே தமிழ்நாட்டுக் கிராமங்களின் பக்கமிருந்து கப்பலேற்றி, மொரிசியசுக்கும் ரீயூனியனுக்கும் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். ரீயூனியனில் அவர்களை மல்பார் என்கிறார்கள். தமிழ் பேசுவது பெரும்பாலும் அற்றுப்போனாலும், கோவிலும் காவடியும் தீமிதியும் இருக்கின்றன. அவர்கள் வாழும் தீவின் கிழக்குப் பக்கத்தில் 2,632 மீற்றர் உயரமான பித்தோன் த லா பூர்னேஸ் எரிமலை, உலகில் மிக அடிக்கடி வெடிப்பவற்றில் ஒன்று. 1977இல் அதன் லாவா பித்தோன் சான்ட் றோஸ் என்ற ஊருக்குள் இறங்கி வீடுகளை மூடியது. ஆனால் அங்கிருந்த தேவாலயத்தின் வாசலில் இரண்டாகப் பிரிந்து, சுவரை ஒட்டிச் சுற்றி ஓடி இறுகிவிட்டது. இன்றும் அந்தக் கறுப்புப் பாறை வாசலருகே நிற்கிறது.

இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும். ஒரே நூற்றாண்டில் பிரிந்த சனம். ஒரு பிரிவு மிகப் பழைய பாறையில் கொழுந்து பறித்தது, மறுபிரிவு நேற்று இறுகிய லாவாவின் ஓரத்தில் கரும்பு வெட்டியது.

அந்தத் தக்காண லாவா இலங்கை வரைக்கும் வந்துச்சா?

வரவில்லை. நீலகிரிக்கும் வரவில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் நீலகிரியின் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் அனுப்பப்பட்ட உறவுக்காரர்கள், 'இங்கேயும் நம்ம ஊரு கல்லுதான்' என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. நீலகிரியின் சார்னொக்கைட் பாறை மலைநாட்டிலும் நிறைய உண்டு. இரண்டும் ஒரே வயதல்ல, ஒரே இனம். இலங்கை கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தில் இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா ஆகியவற்றின் நடுவே நெருக்குண்டு கிடந்தது. ஏறத்தாழ 550 மில்லியன் வருடங்களுக்கு முந்திய அந்த நெருக்கமே நம் பாறைகளை வேகவைத்தது. இரத்தினக் கற்களையும் பெரும்பாலும் அதுவே தந்தது. பிறகு அந்தக் கண்டம் உடைந்தபோது, உடைவுக் கோடுகளின் பக்கமாகப் பல புளூம்கள் எழுந்தன. மடகஸ்கார் இந்தியாவை விட்டுப் பிரிந்தபோது அங்கே கொட்டிய லாவா அவற்றில் ஒன்றின் வேலை.

டைனோசர் அழிஞ்சதும் புளூமாலயா?

தக்காண லாவாவும் மெக்சிக்கோவில் விழுந்த விண்கல்லும் ஒரே காலத்தவை. விண்கல்லுக்கே பெரும்பங்கு என்பது இன்று பெரும்பான்மைக் கருத்து. தக்காண வாயுக்கள் எவ்வளவு கெடுத்தன என்று இன்னும் வாதாடுகிறார்கள். இதைவிடத் தெளிவானது 252 மில்லியன் வருடங்களுக்கு முந்திய சைபீரிய லாவா வெள்ளம். அங்கே மக்மா நிலக்கரிப் படைகளுக்குள் புகுந்து அவற்றைச் சுட்டது. கரியமிலவாயு பெருமளவில் வெளியேறிக் கடல் சூடாகிப் புளித்தது. கடல் உயிரினங்களில் பத்தில் எட்டுக்கு மேல் இல்லாமல் போயின. மில்லியன் வருடத்தில் ஒரு பகுதி நேரமெடுத்து அது நிலக்கரியை எரித்தது. நாம் அதே வேலையை இருநூறு வருடத்தில் செய்துகொண்டிருக்கிறோம்.

யாரும் போய்ப் பார்த்ததில்லையே, எப்படி நம்புறது?

பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே பழுத்ததா என்று சொல்கிறோம் அல்லவா? பெரிய நிலநடுக்கம் பூமியைத் தட்டும்; அலை சூடான பாறைக்குள் சற்று மெதுவாகப் போகும். உலகெங்கும் பதிவான நேரங்களை ஒப்பிட்டு, வைத்தியசாலையில் ஸ்கேன் எடுப்பதுபோல உள்ளே படம் எடுக்கிறார்கள். அந்த உலக வலையமைப்பில் கண்டிக்குப் பக்கத்துப் பல்லேகலை நிலையமும் ஒன்று. இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

சந்தேகப்பட்ட விஞ்ஞானிகளும் உண்டு. சில எரிமலைகளுக்குத் தட்டில் விழுந்த வெடிப்பே போதும், ஆழத்துப் புளூம் வேண்டாம் என்பது அவர்கள் வாதம். சில இடங்களுக்கு அது பொருந்தவும் கூடும். 2015இல் ஸ்கொட் பிரெஞ்சும் பார்பரா ரொமனோவிச்சும் வெளியிட்ட படத்தில் ஹவாய் போன்ற பல இடங்களின் அடியில் அகணி எல்லைவரை தூண்கள் தெரிந்தன. அவை எதிர்பார்த்ததைவிட மிகப் பருமன், 600 முதல் 800 கிலோமீற்றர். ஆகவே முதல் பதிலில் சொன்ன ஒல்லிப் புகையை ஆழத்துக்கு அப்படியே கொண்டுபோக வேண்டாம். ரீயூனியனைச் சுற்றிக் கடலடியில் கருவிகள் வைத்து எடுத்து 2021இல் வெளியான படமோ, அடிமரமும் கிளைகளுமாக ஒரு மரத்தைப்போல இருந்தது.

இலங்கைக்குத் தெற்கே கடல் பள்ளமா இருக்காம், கப்பல் உள்ள போயிடாதா?

போகாது. அங்கே ஈர்ப்பு சற்றுக் குறைவு. அதனால் கடல்மட்டம் கணித்த மட்டத்தைவிட ஏறத்தாழ 106 மீற்றர் தாழ்ந்து நிற்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு மெல்ல மெல்லச் சரிவதால் கப்பலில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீரும் அந்தச் சரிவில் ஓடாது, ஏனெனில் அந்த இடத்துக்கு அதுவே சமமட்டம். 2023இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தெபாஞ்சன் பாலும் ஆத்ரேயி கோஷும் கணினியில் 140 மில்லியன் வருட நகர்வை ஓட்டிப் பார்த்தார்கள். ஆபிரிக்காவுக்கு அடியிலுள்ள சூடான பெரும் திரளிலிருந்து எழுந்த புளூம்கள் இந்தப் பக்கம் பரவியதே காரணம் என்பது அவர்கள் முடிவு. மான்டில் புளூம் நம் அயலில் காட்டும் கை இதுதான்.

எத்தியோப்பியாவில எரிமலை வெடிச்ச கிழமைதான் இங்க புயலும் மண்சரிவும். ரெண்டுக்கும் தொடர்பு இருக்குமோ?

இல்லை. 2025 நவம்பர் 23இல் எத்தியோப்பியாவின் அபார் பகுதியில் ஹைலி குப்பி வெடித்தது. அபாருக்கு அடியில் சூடான மான்டில் எழுவது உண்மை. சாம்பல் புளூம் செங்கடல், ஏமன், ஓமான் தாண்டி வட இந்தியாவுக்குப் போனது. டித்வா வங்கக் கடலின் சூட்டிலும் ஈரத்திலும் தோன்றிய புயல். 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது அதன் மழை.

சரிவுக்கு முன் மலைக்குள்ளிருந்து உறுமல் கேட்டதாகப் பலர் சொன்னார்கள், அதை எரிமலை என்று பயந்தார்கள். கேட்டது உண்மையாக இருக்கும். நீர் ஊறிய மண்ணுக்குள் பாறைகள் உருண்டு உரசும் சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்டால் யோசிக்க நேரமில்லை, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சரிவின் பாதையை விட்டுப் பக்கவாட்டில் ஓட வேண்டும். அதற்கு முன்னரே அடையாளங்கள் வரும்: இஸ்தோப்புத் தரையில் புது வெடிப்பு, மரமும் கம்பமும் சாய்வது, புது ஊற்று, தெளிவாக வந்த பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்குவது அல்லது நிற்பது. 2014 ஒக்டோபர் 29இல் மண்சரிவில் மீரியபெத்தைத் தோட்டத்தை இழந்தவர்கள் நாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விட்டால் வெளியேறுங்கள்; அனர்த்த முகாமைத்துவ இலக்கம் 117.

திகனயிலும் புத்தல பக்கமும் ஆடிச்சே, புதுசா எரிமலை கிளம்புமா?

அந்தப் பயம் வேண்டாம். 2020இல் திகன பக்கமும், 2023 பெப்ரவரியில் புத்தல, வெல்லவாயப் பகுதியிலும் உணரப்பட்டவை சிறு அதிர்வுகள். பழைய பாறையிலும் அழுத்தம் சேரும், பழைய வெடிப்புகள் சற்று நகரும். எரிமலைக்கு மக்மா வேண்டும். நம் அடியில் புளூமும் இல்லை, தட்டின் விளிம்பும் இல்லை. ஆனால் சுவர் வெடித்திருந்தால் பதிந்துவையுங்கள். அடுத்த மழையில் மேற்சொன்ன அடையாளங்களோடு அதைச் சேர்த்துப் பார்க்க உதவும்.

அப்ப இந்த மலையைத் தூக்கினது யாரு? புளூம்தானே?

வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி, நல்ல கேள்வி. ஏனென்றால் தென் ஆபிரிக்காவின் உயர்ந்த மேட்டுநிலத்தை அடியிலிருந்து சூடான மான்டில் தாங்கி நிற்கிறது என்று பலர் கருதுகிறார்கள். அதேபோல இங்கேயும் நடந்திருக்கக் கூடாதா என்றாள்.

இலங்கை மூன்று படிகளாக உயர்வதை 1929இல் ஆடம்ஸ் விவரித்தார். 1940களில் வாடியா, நிலம் துண்டு துண்டாக மேலே தள்ளப்பட்டது என்று விளக்கினார். புளூம் தள்ளியிருந்தால் லாவாவோ எரிமலைச் சாம்பலோ எங்காவது கிடக்கும் என்று எதிர்பார்க்கலாம். மலைநாட்டில் அவை இல்லை. கண்டம் உடைந்தபோது ஓரங்கள் உயர்ந்ததும், பிறகு மேற்பரப்பு அரிக்கப்படப் பாரம் குறைந்து நிலம் மெல்ல மிதந்து எழுவதும் கூடுதலாகப் பொருந்துகின்றன. கொழுந்துக் கூடையை இறக்கியதும் தோள் தானாக உயருமே, அப்படி.

அந்த அரிப்பு இயற்கையாக எவ்வளவு மெதுவானது என்பதை மகாவலியின் மேல் நீரேந்துப் பகுதி ஆற்றுமணலில் அளந்திருக்கிறார்கள். 2003இல் வெளியான அந்த ஆய்வின்படி, காடு மூடிய சரிவில் ஆயிரம் வருடத்தில் சில மில்லிமீற்றரிலிருந்து ஒன்றிரண்டு சென்றிமீற்றர்வரைதான் போகிறது. பயிர் செய்யும் சரிவுகளில் மண் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் போகிறது. அந்த மாணவியின் அப்பா தோட்டத்தில் கான் வெட்டுபவர். எத்தனை அடிக்கு ஒரு கான், என்ன சரிவு என்று அடுத்த நாள் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள்.